பரணில் கிடக்கும் கேபிளைத் தர மாட்டேன்

கணபதி,

உன் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த வரைபடமும் வந்து சேர்ந்தன. சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்தில் ஊருக்குப் பொதுவாக ஒரு கணிப்பொறி மையம் வைக்கப் போகிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். என்னென்ன சாமான் வேண்டும், எதில் ஏமாறக் கூடாது, நம் ஊரில் நான் நடத்திய மையத்திலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். கடைசியில், "பரணில் மிச்சம் கிடக்கிற கேபிள் சுருளையும் பஸ்ஸில் போட்டு அனுப்பும்மா" என்று எழுதியிருக்கிறாய். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கேபிளைத் தர மாட்டேன். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் நீளும். பொறுமையாகப் படி. இதை நான் உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உன் வரைபடத்தை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று போன வாரம் ஜங்ஷனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே கணிப்பொறியில் யாருக்கோ கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். மாரிச்செல்வி. கீழத்தெரு மாரிச்செல்வி. உனக்கு நினைவிருக்கும். நீ பிளஸ் டூ படித்தபோது, தெரியாத கணக்கையெல்லாம் என்னிடம் கேட்கப் பயந்து அவளிடம் போய்க் கேட்பாயே, அவள்தான். "டீச்சர், நல்லா இருக்கியளா?" என்று எழுந்து வந்தாள். தாளை வாங்கி மெஷினில் வைக்கப் போனவள், வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பஜாரில் ஓர் அறை, காலனியில் ஓர் அறை, இரண்டையும் இணைக்க நடுவே ஒரு கோடு. உன் கையெழுத்து என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"டீச்சர், இதுல பிரிண்டர் எந்தப் பக்கம்?"

அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பிரிண்டரைப் பஜார் பக்கம் வரைந்திருந்தாய். டெலிபோன் இணைப்பும் மோடமும் அந்தப் பக்கம்தான். "அப்பமே நெனச்சேன்" என்று சிரித்தாள். கேலியான சிரிப்புதான். அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் வர வீடு வந்து சேரும் வரை ஆயிற்று.

நம் ஊரைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்வது. தாமிரபரணிக் கால்வாய் நடுவே ஓடுகிறது. இந்தப் பக்கம் நம் மேலத்தெரு, பிள்ளைமார் வீடுகள். நிலம் பெரும்பாலும் கையை விட்டுப் போய், வாத்தியார், வக்கீல், பாங்க் வேலை என்று ஆகிவிட்டாலும் நெஞ்சு நிமிர்த்தல் மட்டும் போகாத தெரு. அந்தப் பக்கம் கீழத்தெரு, வயலில் உண்மையாக வேலை செய்கிற தலித் குடும்பங்கள். டீக்கடையில் நமக்குக் கண்ணாடி டம்ளர், அவர்களுக்கு அலுமினிய டம்ளர் என்று இருந்தது. அந்தக் கடைக்காரரிடம் நான் சண்டை போட்டேன். எல்லோருக்கும் ஒரே டம்ளர் வைக்கிற வரை மேலத்தெரு வாத்தியார்கள் யாரும் இங்கே டீ குடிக்க மாட்டோம் என்று சொல்லி, சொன்னபடி நின்று, அவரை மாற்ற வைத்தேன். அதை ரொம்ப வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன்னிடமும் நூறு தடவை சொல்லியிருப்பேன். பிறகு நானே ஒரு இரட்டை டம்ளர் செய்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் பழைய மாணவன் ஒருவன் வேலை பார்த்த சென்னைக் கம்பெனியில் ஐந்து கணிப்பொறிகளைக் கழித்துப் போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தருகிறேன் என்று எழுதினான். பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகிற இடமே மிச்சம். அதனால் ஊருக்குப் பொதுவாக ஒரு மையம் வைப்போம் என்று நினைத்தேன். பிள்ளைகள் படிக்கலாம், வேலைக்கு விண்ணப்பம் அடிக்கலாம், முதியோர் பென்ஷனுக்கு மனு அடிக்கலாம். வருகிறவனுக்கெல்லாம் காசு கொடுத்து மனு எழுதி வாங்குகிற கொடுமை ஒழியும். இடம் தேடியபோது மேலத்தெருச் சைவ சபையின் முன்னறையைத் தருவதாக ரைஸ் மில் அண்ணாச்சி சொன்னார். அவர்தான் சபைத் தலைவர். சிமெண்டுத் தரை, நல்ல கதவு, மூன்று ஜன்னல், ஒழுங்கான கரண்டு. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கீழத்தெருப் பிள்ளைகளும் வருவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

"டீச்சர், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா பாருங்க, உள்ள பூசை நடக்குத இடம். அவியளுக்கு ஏன் அலைச்சல்? அவிய தெருவுலயே ரெண்டு மிஷினை வையுங்க. வயரு இழுத்து ரெண்டையும் சேத்திருங்க. நீங்கதான் சொன்னியளே, எங்கன இருந்தாலும் ஒண்ணுக்கொண்ணு பேசும்னு?"

சொல்லியிருந்தேன். நெட்வொர்க் என்ற சொல்லை அப்போதுதான் நானும் கற்றிருந்தேன். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? ஒரு தெருவில் அடித்தது இன்னொரு தெருவில் தெரியும். கம்பிக்குச் சாதி கிடையாது என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசிக் கைத்தட்டல் வாங்கினேன். "நல்ல யோசனை, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தில் மூன்று மேலத்தெருவுக்கு, இரண்டு கீழத்தெருப் பால்வாடிக் கட்டடத்துக்கு. பிரிண்டர் ஒன்றுதான், அது சபை அறையில். கீழத்தெருவில் ஆட்கள் அதிகம், மேலத்தெருவில் ஏன் மூன்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கணக்கு டீச்சரான நானே கேட்கவில்லை.

கேபிள் இழுத்த நாள் உனக்கு மறந்திருக்காது. கேபிள் டிவி இசக்கியும் நீயும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கால்வாயைத் தாண்டிப் போனீர்கள். அந்த வகைக் கேபிள் இருநூறு மீட்டருக்கும் குறைவாகத்தான் ஓடும், அதற்கு மேல் போனால் வேலை செய்யாது என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். ஓடியது. சுருளில் மிச்சமும் இருந்தது. இரண்டு தெருவும் அவ்வளவு பக்கம். இசக்கி ஏணி மேலிருந்து சத்தம் போட்டான்: "டீச்சர், படம் போடுத வயருக்கு ரெண்டு தெருவும் ஒண்ணுதான். அங்கனயும் அதே சீரியலுக்குத்தான் அழுவுதாவ!" எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. கீழே இறங்கி வந்து என்னிடம் கேட்டாய்: "அம்மா, மாரிச்செல்வி அக்காவும் அவங்களும் இங்கனயே வந்துரலாம்லா? எதுக்கு இம்புட்டு வயரு?"

"ஏலே, ஒனக்கு ஊரு தெரியாது. பையப் பையத்தான் செய்யணும்."

இதுதான் நான் சொன்ன பதில். உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் பார். "ஊர் அப்படி அம்மா, இப்போதைக்கு இரண்டு இடமாக வைத்துக்கொண்டு பையப் பைய மாற்றிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். பதினேழு வயதில் உனக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. நான்தான் அதைக் கெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். கணிப்பொறிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தூசு ஆகாது என்று வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னேன், கோயிலுக்குள் போகிற மாதிரி பிள்ளைகள் பயபக்தியோடு போனார்கள். கம்பி வழியாக ஒரு தெரு இன்னொரு தெருவுக்குச் சின்னச் சின்னச் செய்தி அனுப்பியது. மில் அண்ணாச்சியின் மகள் ஒரு நாள் தான் யார் என்று சொல்லிவிட்டு, "உன் பெயர் என்ன, நீ எந்த ஊர்?" என்று அடித்தாள். கீழத்தெருவிலிருந்து, "இதே ஊர்தான். உங்கள் வயலில் நாற்று நடுகிறவள் மகள்" என்று பதில் வந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய புரட்சி என்று நினைத்தேன். பக்கத்துத் தெருப் பெண்ணின் பெயரைக் கேட்க ஒரு நெட்வொர்க் தேவைப்பட்டதே என்று வெட்கப்பட்டிருக்க வேண்டியவள், கண் கலங்கிக்கொண்டு நின்றேன்.

கீழத்தெருவில் அடிக்கிற தாளெல்லாம் மேலத்தெருவில்தான் அச்சாகும். மாரிச்செல்வி பிளஸ் டூ முடித்துவிட்டு அந்தப் பக்க மையத்தை அவளே நடத்திக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி வந்து சபைக் கட்டடத்தின் ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே இருக்கிற யாராவது தாளைக் கிழித்து ஜன்னல் கம்பிக்குள்ளே நீட்டுவார்கள். அப்படி ஒரு விதியை யாரும் போடவில்லை. முதல் நாளே அப்படித்தான் நடந்தது, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நானே எத்தனையோ நாள் நீட்டியிருக்கிறேன். "டீச்சர், சூடா இருக்கு, ஆத்திக் குடுங்க" என்பாள். வாங்குகிற தாளை டீ என்று சொல்கிறாள். எனக்கு அப்போது அது வெறும் வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. கீழத்தெருப் பெண்பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்கள் அச்சாகிக்கொண்டிருந்தன, மறுநாள் கடைசி. ஜன்னல் வழியே சாரல் அடித்தது. நீட்டினால் அத்தனை தாளும் நனைந்து கூழாகிவிடும். மாரிச்செல்வி வாசலுக்கு வந்தாள். மற்றச் செருப்புகளோடு தன் செருப்பையும் கழற்றிப் போட்டாள். உள்ளே வந்து, பிரிண்டர் பக்கத்தில் நின்று, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி குடையோடு வந்தார். அவளை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "சரி டீச்சர், மழைக்கு ஒதுங்குனதா வச்சுக்கிடுவோம்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "இல்லை அண்ணாச்சி, அவள் வேலையாக வந்திருக்கிறாள், நாளைக்கும் வருவாள்" என்று சொல்லியிருக்கலாம். டீக்கடைக்காரனிடம் வந்த வாய், சொந்தச் சாதிக்காரரிடம், இடம் கொடுத்தவரிடம், உன்னை இன்ஜினீயரிங் காலேஜில் சேர்க்கச் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தவரிடம் வரவில்லை. ஆமாம், அதுவும் இருந்தது. நீ அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாள் காலையில் நான் போனபோது அறையைக் கழுவி விட்டிருந்தார்கள். தூசு ஆகாது என்று செருப்பைக் கழற்றிய அறையில், மின்சார வயர் ஓடுகிற தரையில், வாளி வாளியாகத் தண்ணீர். மேசைக் கால்களைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கீழத்தெருவுக்குப் போகிற கேபிளைச் சுவர் ஓரத்தில் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கேபிளின் குணம் உனக்குத் தெரியும். ஒரே வரிசையாகக் கணிப்பொறி கணிப்பொறியாகத் தொட்டுக்கொண்டு போகும். இரண்டு கடைசியிலும் ஒரு சின்ன உலோக மூடி திருகி இருக்க வேண்டும். நடுவில் எங்கே பிரித்தாலும் மொத்தமும் நின்றுவிடும். கீழத்தெருவைத் துண்டித்தவர்களுக்கு அது தெரியவில்லை. மேலத்தெருவும் சேர்ந்து செத்தது. மூன்று கணிப்பொறியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லை, பிரிண்டர் மாட்டாத மற்ற இரண்டில் அடித்ததை அச்சடிக்க முடியவில்லை. அந்த நிமிஷத்தில் என் கையில் எவ்வளவு பெரிய பலம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். கீழத்தெருவைச் சேர்க்காமல் இது ஓடாது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஊரில் வேறு யாருக்கும் அதைச் சரி செய்யத் தெரியாது.

அன்று மத்தியானம் மாரிச்செல்வி பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். "டீச்சர், எங்க பக்கம் ஒண்ணும் தெரியல. என்னாச்சு?"

"எலி கடிச்சிருக்கும்டி. பாக்கச் சொல்லுதேன்."

"எந்தத் தெரு எலி டீச்சர்?"

நான் வகுப்புக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். சாயங்காலம் அண்ணாச்சி ஆள் அனுப்பினார், நம்ம பிள்ளைகளுக்காவது ஓடட்டுமே என்று. பெட்டியில் உதிரியாக ஒரு மூடி கிடந்தது. கேபிள் பிடுங்கிய இடத்தில் அதை வைத்துத் திருகினேன். மேலத்தெரு உடனே உயிர் பெற்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிடுங்கியது யார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. மூடியது நான்.

கீழத்தெருவின் இரண்டு கணிப்பொறியும் அச்சடிக்க வழியில்லாமல் கொஞ்ச நாள் ஓடின. பிறகு மாரிச்செல்வி வருவதை நிறுத்தினாள், பால்வாடி அரிசி மூட்டைகள் அவற்றின் மேல் ஏறின. அவளிடம் படித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் தையலுக்கும் நடவுக்கும் போனார்கள். கீழத்தெரு அறுந்த பிறகு மேலத்தெருவில் விளையாட்டைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. உண்மையில் மனு அடிக்க வேண்டியவர்கள் எல்லோரும் கால்வாய்க்கு அந்தப் பக்கம்தானே இருந்தார்கள். சபை அறையில் இப்போது பந்திப் பாய்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். "மையம் ஏன் நின்றது" என்று நீ ஒரு முறை காலேஜிலிருந்து வந்தபோது கேட்டாய். இடி விழுந்து எல்லாம் போய்விட்டது என்றேன். இடி விழவில்லை, கணபதி.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பழைய கணிப்பொறிகளை யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள். ஆனால் ஆன் பண்ணிப் பார்க்காமல் லாரியில் ஏற்றாதே, பாதி ஓடாது. அங்கே செம்மண் காடு, தரை காய்ந்து கிடக்கும், எர்த் சரியாகப் பிடிக்காது. ஆழமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தினமும் தண்ணீர் ஊற்று. யூபிஎஸ்ஸில் கஞ்சத்தனம் பார்க்காதே. இடி இடிக்கும்போது டெலிபோன் வயரை மோடமிலிருந்து கழற்றிவிடு. தமிழ் எழுத்துக்கு எல்லாக் கணிப்பொறியிலும் ஒரே சாப்ட்வேரைப் போடு, இல்லாவிட்டால் ஒன்றில் அடித்த மனு இன்னொன்றில் கிறுக்கலாக வரும். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கணிப்பொறியெல்லாம் நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, அதைப் பார்த்து நிறுத்தி வைக்காதே. கூலி வேலைக்குப் போகிற பெண்கள் இருட்டுவதற்கு முன் வந்து போகிற மாதிரி நேரம் வை. பெண்களுக்குக் கக்கூஸ் இல்லாத கட்டடத்தை எடுக்காதே. செருப்பைக் கழற்றச் சொல்லாதே, தூசு வந்தால் பெருக்கிக்கொள். சாவியை இடம் கொடுத்தவரிடம் ஒருநாளும் விடாதே.

இதெல்லாம் காசும் கவனமும் இருந்தால் நடக்கும். நடக்காதது ஒன்றே ஒன்றுதான், அதை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். அந்த ஊரில் பஜார்காரர்களும் காலனிக்காரர்களும் ஏற்கெனவே சேர்ந்து நிற்கிற இடம் எது என்று பார். ரேஷன் கடையா, பஸ் நிறுத்தமா, தபால் ஆபீஸா? அதற்குப் பக்கத்தில் ஓர் அறை பிடி. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு வாசல், ஒரு பெஞ்சு, ஒரு பிரிண்டர். அப்படி ஓர் அறை கிடைக்கவே இல்லையென்றால் மையமே ஆரம்பிக்காதே. சாமான்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஏன் அனுப்பினாய் என்று ஊருக்கு முன்னால் நின்று சொல். பாதி நல்லது செய்தவர்கள் எல்லோரும் என்னைப் போலத்தான் முடிகிறோம். எதிர்த்தவர்களைக்கூட நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள். நமக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவார்கள்.

போன வாரம் அந்தக் கல்யாணப் பத்திரிகை அடித்து முடிக்கிற வரை ஜெராக்ஸ் கடையில் காத்திருந்தேன். பிறகு மாரிச்செல்வியிடம் கேட்டேன், என் மகன் வைக்கிற மையத்தில் சொல்லிக்கொடுக்க வருவாயா என்று. மன்னிப்பும் கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. முதல் கேள்விக்குத்தான் பதில் வந்தது.

"ஒரே வாசலா இருந்தா வாரேன் டீச்சர். ஜன்னல்ல கைய நீட்டுத சோலி நமக்கு வேண்டாம். ஒங்க மவன்கிட்ட சொல்லுங்க, மொதல்ல அந்தக் கோட்டை அழிக்கச் சொல்லி."

அந்தக் கோடு நான் போட்டது. அழிப்பது மட்டும் உன் கையில் இருக்கிறது. அழித்துவிட்டு, புது வரைபடத்தை எனக்கு அனுப்பாதே, அந்த ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பு. அவள் பார்த்து, சரி என்று சொன்னால் ஆரம்பி.

யூபிஎஸ் ஒன்று, விசைப்பலகை இரண்டு, பிரிண்டர் ரிப்பன் ஒரு பெட்டி, இவற்றை நாளைக் காலைப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். கேபிளை மட்டும் திரும்பக் கேட்காதே. ஒரே அறைக்கு அவ்வளவு நீளம் தேவைப்படாது.

அம்மா